மூன்று மீற்றர் பிழை

கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டே இரண்டு கிடந்தன.
ஹில்மி இரண்டையும் எடுத்து
கல்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.
ஒன்று கறுப்பு, தொடுதிரை.
கொழும்பு முழுக்க உள்ளே இருக்கிறதாம்,
ஒழுங்கைகள் பெயரோடு.
மற்றது மஞ்சள்.
தடித்த பொத்தான்கள், பாவிக்காத சோப்புக்கட்டியின் பாரம்,
பென்சில் பற்றரி இரண்டு விழுங்கும்.

"ஃபோன்லயே இதெல்லாம் இருக்கே" என்றார் ஹில்மி,
விற்கிறவர் சொல்லக்கூடாத ஒன்றை.

இருக்கிறதுதான்.
போன ஞாயிறு விகாரமகாதேவிப் பூங்காவில்
அந்த ஃபோன்தான் ஒரு மரத்தைச் சுற்றி
ஒன்றேகால் மணிநேரம் என்னை நடத்தியது.
நீலப் புள்ளி ஒருமுறை
காதலர் இருவரின் குடைக்குள் போய் நின்றது.
மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால்
அது வீதி கடந்து
நகரமண்டபத்தின் வெள்ளைக் குவிமாடத்தில் ஏறியிருந்தது.
யாரோ ஒளித்துவைத்த பேணி
ஏதோ வேரடியில் பேசாமல் கிடந்திருக்கும்.
பிறகு மழை.
ஈர விரலைத் திரை நம்பவில்லை.
தன்பாட்டில் யாருக்கோ அழைப்பெடுத்தது:
"ஹலோ?" என்றார் எங்கள் கணக்காய்வு மனேஜர்,
ஞாயிற்றுக்கிழமைக் குரலில்.

"கடைக்குள்ள வானம் இல்லத்தானே,
வெளிய கொண்டுபோய்ப் பாப்பம்" என்றாள் திலினி.
ஹில்மி தன் பையனையும் கூட அனுப்பினார்,
நாங்கள் ஓடிவிடாதிருக்க.

காலி வீதி. நண்பகல்.
நூறாம் இலக்க பஸ் எங்கள்மேல் புகை கக்கிப் போனது.
வலக்கையில் கறுப்பு, இடக்கையில் மஞ்சள்,
தராசு பிடிப்பவன்போல் நின்றேன்.
கறுப்புக்கு நாற்பது நொடி. பதினொரு செய்மதி.
மஞ்சள் யோசித்தது.
நாலு... ஐந்து... ஒன்று கைநழுவி, மறுபடி நாலு...
ஒன்றரை நிமிடத்தில் ஏழு.
இரண்டுமே மூன்று மீற்றர் பிழை என்றன.
ஆனால் கறுப்பின்படி நான் நடைபாதையில்,
மஞ்சளின்படி
பழவண்டிக்காரரின் அன்னாசிகளுக்கு நடுவே.

திரையில் வெயில் தெறித்தது.
கறுப்பை முகத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன்.
சந்தியில் நின்ற பொலிஸ்காரர்
திரும்பிப் பார்த்தார்.
அவ்வளவுதான். பார்த்தார்,
பிறகு ஒரு லொறியை மறித்தார்.

என் வலக்கை ஏற்கனவே கீழிறங்கி
சட்டைப்பையில் அடையாள அட்டையைத்
தொட்டுக்கொண்டிருந்தது.
இருபத்துமூன்று வயதில்,
வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் நாலாம் மாடியில்,
நான் எங்கே, எந்த அறையில், யாரோடு,
எத்தனை நாளைக்கு, ஏன் என்று
பொலிஸ் பதிவுத்துண்டு ஒன்றில் எழுதியிருந்தது.
பிழை அரை மீற்றர்கூட இல்லை.

"மஞ்சள்" என்றேன் ஹில்மியிடம்.
"கறுப்புல மேப் இருக்கு சேர். குறைச்சித் தாறேன்."
"மஞ்சள்தான்."
திலினிக்குக் காரணங்கள் சொன்னேன்:
பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்,
பொத்தான் மழைக்குப் பயப்படாது,
விலையும் மூன்றிலொரு பங்கு.
எல்லாம் உண்மை.

ஓட்டோவில் அவள் அதை
இப்படியும் அப்படியும் புரட்டினாள்.
"நல்லம். சின்னப்பிள்ளைட சாமான் மாதிரி இருக்கு.
ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் குனிந்து பற்றரி மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் வடக்கு ஆறு பாகை,
ஐம்பத்துநாலு தசம் எட்டுக் கலை.
அதே மரம்.
அதே குடை என்று சத்தியம் செய்வேன்.
காவலாளி வந்தார், விசில் கழுத்தில் ஆட.
என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.
திலினி வாய் திறக்குமுன்
நான் மஞ்சளை நீட்டிவிட்டேன்.

அவர் வாங்கினார். அம்புக்குறியைப் பார்த்தார்.
என்னைக் கேட்காமலே நடக்கத் தொடங்கினார்,
முழங்கையை மடக்கி,
தேநீர்க் கோப்பையைத் தளும்பாமல் கொண்டுபோகிறவர்போல.
நாங்கள் பின்னால்.
இரண்டு வேர்கள் பிரிகிற இடத்தில் நின்று
"இங்கயா?" என்றார், தமிழில்.

மூன்று மீற்றர் என்றது திரை.
எந்தப் பக்கம் மூன்று என்று சொல்லவில்லை.
அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுவிட்டு
தடியால் சருகைக் கிளறத் தொடங்கினார்.